‘பிரேக் சாமான், 1 செட்’: வாசகர் கேள்வி-பதில்

இந்த வாரக் கடிதங்களில் பெரும்பாலானவை பழைய கார்களின் முன்சக்கரத்தைப் பற்றியே வந்திருப்பதால், மிக்ஸி, மெத்தை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்திருக்க வேண்டுகிறேன்.

கேள்வி: என் அம்பாசிடருக்குப் புதுச்சேரிக் கடையொன்றில் முன்பக்க பிரேக் டிரம் (சக்கரத்தோடு சுழலும் கிண்ணம்) இரண்டும் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) இரண்டும் 3 வாரங்களுக்கு முன் வாங்கினேன். கையால் சுற்றினால் சுழல்கின்றன. சக்கரத்தை மாட்டி நட்டுகளை முறுக்கியதும் ஓரிடத்தில் உரசி நிற்கின்றன. மெக்கானிக்குக்கு மாட்டத் தெரியவில்லை என்கிறார் கடைக்காரர். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று ரசீதில் அச்சிட்டிருக்கிறார். பழைய பாகங்கள் வீட்டில் உள்ளன. (மஞ்சக்குப்பம் வாசகர்)

பதில்: கடைசி வாக்கியத்துக்காகவே உங்கள் கடிதத்துக்கு முதலிடம் தந்தேன். நட்டை முறுக்கிய பிறகுதான் உரசுகிறது என்றால், டிரம் ஹப்பின் முகத்தில் சமமாக அமராமல் சாய்கிறது என்று பொருள். இரண்டு முகங்களிலும் உள்ள துரு, பெயின்ட், பிசிறு ஆகியவற்றைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். அதன் பிறகும் உரசினால், புது டிரம்மைப் பழைய ஹப்பிலும் பழைய டிரம்மைப் புது ஹப்பிலும் மாற்றி மாட்டிப் பாருங்கள். எந்த டிரம்மை மாட்டினாலும் புது ஹப்பில் உரசினால் குறை ஹப்பில் இருக்கிறது. எந்த ஹப்பில் மாட்டினாலும் புது டிரம் உரசினால் குறை டிரம்மில் இருக்கிறது. டிரம்மின் நடுத் துளை, அதன் ஆழம், ஹப்பின் கழுத்து ஆகிய மூன்றையும் ஒரு லேத் பட்டறையில் வெர்னியர் அளவுகோலால் அளந்து, பழைய பாகங்களின் அளவுகளுக்குப் பக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் இருந்தால் மெக்கானிக்கின் மீது பழிபோட முடியாது.

குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. எனவே அந்த அச்சு வாசகத்துக்கு அஞ்ச வேண்டாம். ஆனால் உங்களுக்கு மிஞ்சியிருப்பது ஏறக்குறைய ஒரு வாரம்தான். இன்றே எழுத்து மூலம் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். கடை புதுச்சேரியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்; பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது.

கேள்வி: வாங்கிய ஹப் ஸ்டப் ஆக்சிலில் (சக்கரம் சுழலும் குட்டை அச்சில்) ஏறாததால் உள்பக்கத்தைக் கிரைண்டரால் தேய்த்து மாட்டினோம். இப்போது சக்கரம் ஆடுகிறது. பழைய ஹப்பை இரும்புக்காரரிடம் போட்டுவிட்டோம். கடைக்காரர் பணம் தர மறுக்கிறார். (நெல்லிக்குப்பம் வாசகர்)

பதில்: பொருளைத் தேய்த்துவிட்டீர்கள், ஒப்பிட்டுக் காட்டப் பழையதும் இல்லை; நானாக இருந்தாலும் மறுப்பேன். அந்த ஹப்போடு வண்டியை ஓட்டாதீர்கள்.

கேள்வி: புதியது என்று சொல்லி விற்ற ஹப்பின் பெயின்ட்டைச் சுரண்டினால் துருக்குழிகள் தெரிகின்றன. பேரிங் கப் (பேரிங்கின் வெளி வளையம்) விரலால் தள்ளினாலே கழன்று வருகிறது. ரசீதில் ‘பிரேக் சாமான், 1 செட்’ என்று மட்டும் இருக்கிறது. (வில்லியனூர் வாசகர்)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். பேரிங் கப் ஹப்புக்குள் இறுக்கமாக அடித்து இறக்கப்பட வேண்டியது. கையோடு வருகிறது என்றால், முன்பே கப் உள்ளே சுழன்று, ஹப்பில் தான் அமரும் இடத்தைத் தேய்த்துவிட்டது. பஞ்ச் அடித்துப் புள்ளி வைத்து இறுக்கித் தருவதாக எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். பழையதைப் புதியது என்று விற்பதும் அதே நுகர்வோர் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடைமுறைதான். சுரண்டிய இடத்தைப் படமெடுத்து, ஹப்பை அப்படியே வைத்திருங்கள்.

ஆனால் அந்த ரசீது! பல ஆண்டுகளாக நான் முட்டிக்கொண்டிருக்கும் சுவர் அது. ‘பிரேக் சாமான்’ என்றால் ஹோஸா (பிரேக் ஆயில் செல்லும் ரப்பர் குழாய்), லைனிங்கா (டிரம்மில் உராயும் பட்டை), ஹப்பா? மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை வெளிவந்த அம்பாசிடர், மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று பெயரும் உறுப்புகளும் மாறிக்கொண்டே வந்த வண்டி; ‘அம்பாசிடர் டிரம்’ என்று எழுதினால்கூடப் பாதிதான் எழுதியதாகும். வண்டியின் மாடலும் ஆண்டும், இடமா வலமா என்பதும், புதியதா பழையதா என்பதும், பெட்டியில் பாக எண் இருந்தால் அதுவும் ரசீதில் ஏற வேண்டும். எழுத மறுக்கும் கடைக்காரர் பொருளைப் பற்றி எதையோ அறிந்திருக்கிறார். வரியை மிச்சம் பிடிக்க ரசீதே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிறகு எனக்குக் கடிதம் எழுதுகிறவர்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. நானும் ஒருமுறை, ‘எல்லாம் ஒன்றுதான் சார், அப்படியே உட்காரும்’ என்ற வாய்ச்சொல்லை நம்பி, பழைய டிரம்மை மாதிரிக்கு எடுத்துப் போகாமல் ஒரு ஜோடி வாங்கி வந்தேன். அவற்றில் ஒன்றில் இப்போது செம்பருத்தி வளர்கிறது. மற்றொன்று கிணற்றடியில் கிடக்கிறது.

கேள்வி: பத்மினி காருக்குப் புதிய பிரேக் ஷூ (லைனிங் ஒட்டிய வளைந்த தகடு) மாட்டியதிலிருந்து பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. இடது சக்கரத்துக்கு, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் மாற்றியும் பயனில்லை. அடுத்து, பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் வாங்கச் சொல்கிறார் மெக்கானிக். (லாஸ்பேட்டை வாசகர்)

பதில்: வாங்காதீர்கள். இடப்பக்கம் இழுக்கிறது என்றால் பெரும்பாலும் இடது சக்கரம் ஒழுங்காகப் பிடிக்கிறது, வலது சக்கரம் பிடிக்கவில்லை. வலது டிரம்மைக் கழற்றி, ஆயில் சீல் கசிந்து லைனிங்கில் கிரீஸ் படிந்திருக்கிறதா, வீல் சிலிண்டர் இறுகிக் கிடக்கிறதா, ஹோஸ் உள்ளே உப்பி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் உப்புக்காற்றில் நெடுநாள் நின்ற வண்டிக்குச் சிலிண்டர் இறுகுவது வழக்கமானது. கிரீஸ் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் மாட்டாமல், இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய லைனிங் தூளைக் காற்றடித்து ஊத விடாதீர்கள்; அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

கேள்வி: சக்கரத்தின் டேப்பர் ரோலர் பேரிங்கில் கோனை (உருளைகள் கொண்ட உள் வளையத்தை) மட்டும் மாற்றினால் போதுமா? (திருப்பாதிரிப்புலியூர் வாசகர்)

பதில்: போதாது. கப்பும் கோனும் சேர்த்தே மாற்ற வேண்டும். நட்டு கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின்னும் புதியதாக இருக்கட்டும்.

கேள்வி: பிரேக் ஆயில் குறைந்தால் அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊற்றலாமா? (அரியாங்குப்பம் வாசகர்)

பதில்: ஊற்றிவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தின் மறுபக்கம் சொல்கிறது. மாஸ்டர் சிலிண்டரிலும் வீல் சிலிண்டர்களிலும் உள்ள ரப்பர் கப்புகள் உப்பிவிடும்; அவற்றையும் ஹோஸ்களையும் மாற்றி, குழாய்கள் முழுவதையும் கழுவ வேண்டும். பட்டறைக்கு ஓட்டிச் செல்லாதீர்கள். வேறு வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.