காற்று விலகும் விளிம்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

என்னிடம் ஒரு செடான் கார் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் காற்றுத் தடையைக் குறைக்க வேண்டும் என்று கொஞ்ச நாளாக ஒரே யோசனை. கூரை முடிகிற இடத்தில் ஒட்டச் சின்னத் துடுப்புகள் விற்கிறார்கள். 10 சதவீதம் எரிபொருள் மிச்சமாகும் என்கிறார்கள். எங்கே, எத்தனை ஒட்டுவது? கோல்ஃப் பந்தில் இருப்பது போல டிக்கி மேல் குழிகள் போட்டால் உதவுமா? இன்னொன்று. டிக்கி மூடியின் கடைசியிலும் டெயில் லேம்ப் ஓரத்திலும் கூரான விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. காற்று வழுக்கிக்கொண்டு போக, அதைத் தேய்த்து, பட்டி பூசி உருட்டிவிடலாம் என்றிருக்கிறேன். பின்பக்கத்தை வரைந்து இணைத்திருக்கிறேன். வீட்டில் எல்லோரும் இது வீண் வேலை என்கிறார்கள்.

ச.

அன்புள்ள ச.,

உங்கள் படத்தைப் பார்த்த பிறகுதான் பதில் எழுத உட்கார்ந்தேன். பின்கண்ணாடியின் சரிவு, டிக்கியின் உயரம், லேம்ப் ஓரத்தில் ஓடும் மெல்லிய வரப்பு வரைக்கும் விடாமல் வரைந்திருக்கிறீர்கள். சொந்தக் காரின் பின்பக்கத்தை இவ்வளவு பொறுமையாகப் பார்க்கிறவர்கள் குறைவு. வீண் வேலை என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நீங்கள் வரைவதை நிறுத்தாதீர்கள்.

ஆனால் அந்த உப்புத்தாளை முதலில் கீழே வையுங்கள்.

நானும் சில வாரங்களாக இந்த விளிம்பைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். புதிய மின்சாரக் கார்களின் பின்பக்கம் ஏன் கத்தியால் வெட்டிவிட்ட மாதிரி இருக்கிறது என்று நண்பர் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். அந்த வெட்டுதான் அழகு என்று அவரிடம் வாதாடி முடிப்பதற்குள் உங்கள் கடிதம் வந்துவிட்டது. உருண்டையாக இருந்தால் காற்று வழுக்கும் என்ற நம்பிக்கை எல்லோரிடமும் இருக்கிறது. காரின் முன்பக்கத்துக்கு அது சரி. பின்பக்கத்துக்கு அப்படியே எதிர்மாறு.

கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போக என்ன செலவாகிறது என்றுதான் நாம் யோசிக்கிறோம். பெரிய செலவு பின்னால் நடக்கிறது. கூரை மேல் ஓடிவந்த காற்று, கார் முடிகிற இடத்தில் மெதுவாகி, அழுத்தம் கூடி, மறுபடி ஒன்றுசேர வேண்டும். அதற்குள் பரப்பை ஒட்டி வந்த படலம் வேகம் இழந்திருக்கும். ஒட்டிப் போக முடியாமல் பிரிந்துவிடும். பிரிந்த இடத்துக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த, சுழன்றுகொண்டே வரும் ஒரு பகுதி. முன்னால் அழுத்தம் கூடுதல், பின்னால் குறைவு, ஆகவே கார் பின்னோக்கி இழுபடுகிறது. மண் சாலையில் போன வண்டியின் பின்பக்கத்தில் புழுதி அப்பிக்கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சுழல் வாரி இறைத்த புழுதி அது.

காற்று எப்படியும் பிரியத்தான் போகிறது. எங்கே பிரிய வேண்டும் என்பதை நாம் சொல்கிறோமா, அதன் இஷ்டத்துக்கு விடுகிறோமா என்பதுதான் விஷயம். மூலையை உருட்டினால் காற்று வளைவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் திரும்பும். திரும்பும்போது அங்கே அழுத்தம் இன்னும் விழும். அந்த வளைவு பின்னோக்கிய பரப்பு. அதில் விழும் அழுத்தம் காரைப் பின்னால்தான் இழுக்கும். அப்புறம் காற்று வளைவில் ஏதோ ஓரிடத்தில் விடும், அடுத்த நொடி வேறிடத்தில் விடும். கூரான விளிம்பு இருந்தால் நேராக வந்து, அந்த ஒரே கோட்டில் விலகிவிடும். நீங்கள் பட்டி பூச நினைத்த வரப்பு அந்தக் கோடுதான். அதை யாரோ ஒரு பொறியாளர், காரை நிறுத்தி மேலே காற்றை ஓடவிட்டுப் பார்க்கும் காற்றுச் சுரங்கத்தில், மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தி நகர்த்தி வைத்திருப்பார். முடிக்காமல் விட்ட வேலை என்று எப்படி நினைத்தீர்கள்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்தவர் இதை எனக்குக் காட்டினார். பின்கண்ணாடி, டிக்கி, இரண்டு டெயில் லேம்ப் என்று எல்லா இடத்திலும் விரல் நீளக் கம்பளி நூல்களை டேப் வைத்து ஒட்டினார். இடது லேம்பின் விளிம்பை மட்டும் களிமண் அப்பி உருட்டினார். அவர் ஓட்ட, நான் இன்னொரு காரில் பக்கத்திலேயே போய்ப் பார்த்தேன். கூரை மேல் நூல்கள் வாரிவிட்ட தலைமுடி போலப் படிந்து கிடந்தன. பின்கண்ணாடியின் கீழ்ப்பாதியில் நடுங்கின, சில முன்பக்கமாகவே திரும்பி நின்றன. வலது லேம்பில் விளிம்பு வரைக்கும் நேராகக் கிடந்தன. இடது பக்கம், களிமண் வளைவில், உள்ளே மடிந்து, நிமிர்ந்து, வட்டமடித்து, ஒரு நொடி கூட அடங்கவில்லை. வண்டியை நிறுத்தியதும் அவர் ஒன்றும் சொல்லாமல் களிமண்ணைப் பிய்த்தெடுத்தார். எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

இது பழைய ஞானம்தான். 1920களில் செப்பலின் ஆகாயக் கப்பல் நிறுவனத்திலிருந்து வந்த பால் ஜாரே என்ற பொறியாளர், கார்களுக்கு நீண்டு மெலியும் வாலை வரைந்தார். காற்றுக்கு நல்லது. ஆனால் அவ்வளவு நீள வாலை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? 1930களில் ஃபாக்சன்ஃபெல்ட் என்ற பொறியாளரும் ஸ்டுட்கார்ட்டில் வூனிபால்ட் காம் என்ற பொறியாளரும் அந்த வாலை நடுவிலேயே வெட்டினார்கள். முதலில் மெல்லச் சரிய விட்டு, காற்று பிரியப்போகும் இடத்துக்குச் சற்று முன்பே செங்குத்தாக ஒரு வெட்டு. முழு வாலின் பலனில் பெரும்பகுதி அப்படியே கிடைத்தது. அந்த வெட்டின் ஓரம் கூராக இருப்பது இதில் முக்கியம்.

1984இல் அகமது என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் கார் போன்ற ஒரு எளிய பெட்டியை எடுத்துக்கொண்டு பின்சரிவை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். சுமார் 12 பாகையில் தடை மிகக் குறைவு. 30 பாகையை நெருங்கும்போது உச்சம். இரண்டு ஓரங்களிலிருந்தும் கிளம்பும் சுழல்கள் செய்யும் வேலை அது. செடானில் கண்ணாடியின் சரிவை மட்டும் பார்த்தால் போதாது. கூரை முடிவிலிருந்து டிக்கி விளிம்புக்கு ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோட்டை நிர்ணயிப்பதும் உங்கள் விளிம்புதான். டிக்கி உயர்ந்துகொண்டே வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

குழிகளை விட்டுவிடுங்கள். கோல்ஃப் பந்தில் சீராக ஓடும் படலத்தைக் கலக்கிவிடத்தான் அந்தக் குழிகள்; கலங்கிய படலம் இன்னும் கொஞ்ச தூரம் ஒட்டிப் போகும். நெடுஞ்சாலை வேகத்தில் உங்கள் கார் மேல் ஓடும் படலம் டிக்கிக்கு வருமுன்பே கலங்கித்தான் இருக்கும்.

துடுப்புகளுக்கு வருகிறேன், கொஞ்சம் கோபத்தோடு. மிட்சுபிஷி பொறியாளர்கள் தங்கள் லான்சர் எவொல்யூஷன் காரில் இதைச் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். காற்று பிரியும் இடத்துக்குச் சற்று முன்பே, கூரை முடிவதற்குச் சுமார் 100 மில்லிமீட்டர் முன்னால், 15 முதல் 25 மில்லிமீட்டர் உயரமுள்ள துடுப்புகளை வைத்தபோது இழுவைக் குணகம், அதாவது ஒரு காரின் வடிவம் காற்றில் எவ்வளவு இழுபடுகிறது என்பதைக் காட்டும் எண், 0.006 குறைந்தது. உங்கள் காரின் குணகம் 0.30 என்றால் அது 2 சதவீதம். 100 கிலோமீட்டர் வேகத்தில் மொத்தக் காற்றுத் தடை சுமார் 300 நியூட்டன், மிச்சம் 6 நியூட்டன். டயர் உருளவும் எரிபொருள் செலவாவதால் எரிபொருளில் அந்த 2 சதவீதம் கூடத் தேறாது. 10 சதவீதம் என்று ஒருவர் சொன்னால் எந்தக் கார், எந்த வேகம், யார் அளந்தது என்று கேட்க வேண்டாமா? எத்தனை ஒட்டுவது என்று என்னைக் கேட்கிறீர்கள். உங்கள் காரில் காற்று எங்கே பிரிகிறது என்று நீங்கள் பார்க்கவே இல்லை. கண்ணாடியில் காற்று ஏற்கெனவே ஒட்டி ஓடினால் அந்தத் துடுப்புகள் வெறும் தடைதான். காற்றுத் தடையில் 10 சதவீதம் குறைந்தே ஆக வேண்டும் என்றால் 100இல் போகிறவர் 95இல் போகலாம். தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் கணக்கு கிட்டத்தட்ட சரியாக வரும்.

விளிம்பில் கை வைப்பதில் ஆபத்தும் இருக்கிறது. முதல் தலைமுறை ஆடி டிடி காரின் பின்பக்கம் அழகாக உருண்டிருந்தது. அதிவேகத்தில் பின்சக்கரங்களின் பிடி குறைந்து விபத்துகள் நடந்த பிறகு ஸ்பாய்லர் என்ற விளிம்புப் பட்டையைச் சேர்த்தார்கள். காற்று டிக்கியைத் தாண்டி வளைந்து இறங்கினால் காரின் பின்பகுதியை மேலே தூக்கும்.

ஆகவே பட்டி வேண்டாம், துடுப்பு இப்போதைக்கு வேண்டாம். கம்பளி நூல் வாங்குங்கள். கார் நிறத்துக்கு எடுப்பாகத் தெரியும் நிறத்தில். ஓட்டுவதை வேறு யாரிடமாவது விடுங்கள், பக்கத்துக் காரை ஓட்டுகிறவரும் நீங்களாக இருக்கக் கூடாது. கூரைக் கடைசியில் ஒரு வரிசை, கண்ணாடியில் மேலிருந்து கீழ்வரை, லேம்ப் விளிம்புக்கு இரண்டு பக்கமும். காற்று அமைதியாக இருக்கும் நாளில், ஒரே வேகத்தில் படமெடுத்து அனுப்புங்கள். எங்கே என்ன ஒட்டலாம் என்று அதைப் பார்த்துப் பேசுவோம்.