கத்திரி வெயில்ல மீன் தொட்டி: ஐஸ் வேணாம், காத்து குடுங்க (வாசகர் கேள்வி பதில்)

ஏப்ரல் பாதியில இருந்தே மீன் தொட்டி கேள்விதான் அதிகமா வருது, கத்திரி ஆரம்பிச்சதும் இன்னும் ஜாஸ்தி. எல்லாருக்கும் பொதுவா ஒன்னு சொல்லிடுறேன், தெர்மாமீட்டர்ல எத்தனை டிகிரிங்கறத விட மீனுக்கு மூச்சு கிடைக்குதாங்கறதுதான் முக்கியம். கீழ இருக்குற பதில் பாதிக்கு மேல இதுலதான் வந்து நிக்கும்.

கேள்வி: வேலூர்ல இருக்கோம் சார். 2 அடி தொட்டில 4 கோல்ட் ஃபிஷ் இருக்கு. மத்தியானம் 3 மணிக்கு தண்ணி 34 டிகிரி காட்டுது, நாலும் மேல வந்து வாயை வாயை தொறக்குது. பையன் பதறிப்போய் ஃப்ரிட்ஜ்ல இருக்குற ஐஸ் கட்டியெல்லாம் கொட்டுறான். கொஞ்ச நேரம் நல்லா இருக்கு, அப்புறம் திரும்ப மேல வந்துடுது. என்ன பண்ணலாம்? (வாசகி, வேலூர்)

ஐஸை இன்னையோட நிறுத்த சொல்லுங்கம்மா. பையன் பதறுறது நல்ல மனசு, ஆனா ஒரு ட்ரே ஐஸ் கட்டி உங்க தொட்டி தண்ணியை அரை டிகிரி குறைச்சா பெருசு. அதுவும் ஐஸ் விழுந்த இடம் மட்டும் சட்டுன்னு ஜில்லுன்னு ஆகி மீன் அதுல போய் மாட்டுது, இந்த மாதிரி டிகிரி ஏறி இறங்குறதுல மீனுக்கு எதிர்ப்பு சக்தி போயிடும், வெள்ளைப்புள்ளி நோய் வர இதுவும் ஒரு காரணம்.

மீன் மேல வந்து வாயை தொறக்குறது சூட்டுக்காக இல்ல, ஆக்சிஜனுக்காக. ஒரு லிட்டர் தண்ணி 20 டிகிரில இருந்தா சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிச்சு வச்சுக்கும், 30ல ஏழரை, 35க்கு போனா 7தான். அதே நேரத்துல மீனோட உடம்பு சூட்டுல வேகமா வேலை செய்யும், 10 டிகிரி ஏறுனா ஆக்சிஜன் தேவை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிடும். வரவு குறையுது செலவு கூடுது, அவ்வளவுதான் விஷயம். அதுலயும் கோல்ட் ஃபிஷ் குளிர்ந்த தண்ணி மீன், அதுக்கு சுகமான அளவு 18ல இருந்து 24 வரைக்கும்தான். நம்ம ஊர்லயே குஞ்சு பொரிச்சு வளர்ந்தது 30 தாண்டியும் சமாளிக்கும், ஆனா காத்து நல்லா இருந்தாதான் சமாளிக்கும்.

அதனால மொதல்ல தொட்டி மேல இருக்குற கண்ணாடி மூடியை எடுத்துட்டு கொசுவலை துணியை இழுத்து கட்டுங்க, மீன் குதிக்காது, காத்தும் போகும். அடுத்து ஏர் பம்ப் 24 மணி நேரமும் ஓடணும், சத்தமா இருக்குன்னு ராத்திரி நிறுத்தாதீங்க. ஃபில்டர் தண்ணி விழுற இடத்தை மேல தூக்கி வைங்க, தண்ணி மேல்பரப்பு நல்லா கலங்குனாதான் வெளிக்காத்துல இருந்து ஆக்சிஜன் உள்ள போகும்.

இப்ப குளிர்ச்சிக்கு வர்றேன். ஒரு சின்ன டேபிள் ஃபேனை தண்ணி மேல சாய்வா படுற மாதிரி வைங்க, கம்ப்யூட்டர்ல இருக்குற 12 வோல்ட் ஃபேனை க்ளிப்ல மாட்டுனாலும் போதும். ஒரு லிட்டர் தண்ணி ஆவியா போறப்ப எடுத்துட்டு போற சூடு, ஒரு கிலோ ஐஸ் உருகி தொட்டி சூட்டுக்கு வர்ற வரைக்கும் எடுக்குற சூட்டை விட 5 மடங்கு ஜாஸ்தி. மண்பானை தண்ணி ஜில்லுன்னு இருக்குதே, அதே வேலைதான். உங்க வேலூர் வெயில் வறண்ட வெயில், அதனால ஃபேன் நல்லா வேலை செய்யும், 3 டிகிரி வரைக்கும் தாராளமா இறங்கும், சில நாள் நாலு கூட. ஃபேன் காலைல 10 மணிக்கே போட்டுடுங்க, தண்ணி சூடானதுக்கு அப்புறம் போட்டு இறக்குறது கஷ்டம்.

தீனியை பாதியா குறைங்க, ரொம்ப சூடான நாள் போடாம விட்டாலும் ஒன்னும் ஆகாது. மிச்ச தீனியும் கழிவும் அமோனியாவா மாறும், தண்ணி சூடாக சூடாக அந்த அமோனியாவோட விஷம் கூடும், போர் தண்ணில பிஹெச் (காரத்தன்மை) ஜாஸ்தியா இருந்தா இன்னும் மோசம். தொட்டி லைட்டை பகல்ல போடவே வேணாம். ஹீட்டர் மாட்டி இருந்தா ப்ளக்கை பிடுங்கிடுங்க, தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிட்டு ஹீட்டர் தானா ஓடிட்டே இருக்குறது நடக்குற விஷயம்தான். இன்னொன்னும் சொல்லணும், 2 அடி தொட்டில 50 லிட்டர்தான் பிடிக்கும், அதுல 4 கோல்ட் ஃபிஷ் ரொம்ப நெருக்கடி. ரெண்டை வேற தொட்டிக்கு மாத்த முடிஞ்சா இந்த சம்மரே பாதி சுலபமாயிடும்.

கேள்வி: நானும் ஃபேன் வச்சேன் அண்ணா, ஒரு டிகிரிக்கு மேல இறங்கவே இல்ல. தண்ணி மட்டும் தினமும் ரெண்டு விரல் குறையுது, போர் தண்ணி ஊத்திட்டு இருக்கேன். (வாசகர், வேளச்சேரி)

உங்க ஃபேன் மேல தப்பு இல்ல தம்பி. சென்னை காத்துல ஏற்கெனவே ஈரம் நிறைஞ்சு இருக்கு, கடல்காத்து வந்துட்டா இன்னும் ஈரம், அதனால தண்ணி ஆவியாகுறது மெதுவா போகும். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தின ரூம்ல தொட்டி இருந்தா தொட்டில இருந்து போற ஆவியே ரூம்ல தங்கிடும், எதிர்பக்கம் ஒரு ஜன்னலை தொறந்து வச்சு பாருங்க. தொட்டி மேற்கு சுவர் ஓரமா இருந்தா அந்த சுவர் ராத்திரி 9 மணி வரைக்கும் கொதிக்கும், தொட்டிக்கு பின்னாடி தெர்மாகோல் ஷீட் சொருகுங்க. வெயில் படாத வேற சுவருக்கு மாத்த முடிஞ்சா அதை விட நல்லது எதுவும் இல்ல.

ஆனா என் கவலை உங்க போர் தண்ணி மேலதான். ஆவியா போறது வெறும் தண்ணி மட்டும்தான், உப்பு எல்லாம் தொட்டிலயே தங்கிடும். நீங்க மறுபடியும் உப்பு தண்ணியையே ஊத்துறப்ப டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்குற உப்போட அளவு) ஏறிட்டே போகும், ரெண்டு மாசத்துல கண்ணாடி ஓரத்துல வெள்ளையா படிஞ்சு நிக்கும், அதை பார்த்தாலே தெரிஞ்சுக்கலாம். குறையுற அளவுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணியோ கேன் தண்ணியோ ஊத்துங்க. வாரம் ஒரு தடவை கால்வாசி தண்ணி மாத்துறப்ப வழக்கமான தண்ணியே ஊத்தலாம், மெட்ரோ வாட்டரா இருந்தா ஆன்டி குளோரின் சொட்டு மறக்காதீங்க. அதையும் விடியக்காலைல செய்ங்க, மத்தியானம் மாடி டேங்க்ல இருந்து வர்ற தண்ணில கையே வைக்க முடியாது, அதை நேரா தொட்டில விட்டா என்ன ஆகும்னு சொல்ல தேவை இல்ல.

கேள்வி: எங்க ஏரியால கரண்ட் போனா ரெண்டு மூணு மணி நேரம் ஆகுதுண்ணே. இன்வெர்ட்டர் இல்ல. (வாசகர், மதுரை)

பேட்டரில ஓடுற ஏர் பம்ப் மீன் கடைல கிடைக்கும், செல்ஃபோன் பவர் பேங்க்ல சொருகுற யூஎஸ்பி பம்ப்பும் இருக்கு, ஒன்னு வாங்கி வச்சுடுங்க, இந்த சீசன்ல தொட்டிக்கு செய்ற செலவுலயே உருப்படியான செலவு அதுதான். அது வர்ற வரைக்கும் ஒரு சொம்புல தொட்டி தண்ணியை எடுத்து ஒரு அடி உயரத்துல இருந்து திரும்ப ஊத்துங்க, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, பசங்க கிட்ட குடுத்தா சந்தோஷமா செய்வாங்க. கரண்ட் இல்லாதப்ப தீனி போடவே கூடாது. கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளிய வைக்குற மூடின டப்பா ஃபில்டர்) வச்சிருந்தா ஒரு விஷயம், ரொம்ப நேரம் நின்னு போச்சுன்னா உள்ள இருக்குற தண்ணி கெட்டு போயிருக்கும், கழிவை சுத்தம் பண்ற நல்ல பாக்டீரியாவும் காத்து இல்லாம சாக ஆரம்பிச்சிருக்கும். கரண்ட் வந்ததும் அப்படியே ஓட விடாதீங்க, தொறந்து அந்த தண்ணியை கீழ கொட்டிட்டு ஸ்பான்ஜை தொட்டி தண்ணிலயே அலசிட்டு போடுங்க.

கேள்வி: ஃபைட்டர் மீனை டிவி பக்கத்துல சின்ன ஜாடில வச்சிருக்கோம். அது மேல வந்து திணறுறதே இல்ல, அப்ப சூடு ஓகேவா? (வாசகி, ஈரோடு)

ஓகே இல்லங்க. ஃபைட்டர், கௌராமி எல்லாம் மேல வந்து நேரா காத்தையே மூச்சா எடுக்குற மீன், அதனால ஆக்சிஜன் குறைஞ்சாலும் மத்த மீன் மாதிரி திணறி காட்டாது. அதுக்கு 28 வரைக்கும் நல்லா இருக்கும், 32க்கு மேல நாள் கணக்குல போனா துடுப்பை ஒடுக்கிக்கிட்டு அடியிலயே கிடக்கும், அதுதான் உங்களுக்கு சிக்னல். 2 லிட்டர் ஜாடி கொஞ்ச நேரத்துலயே சூடாயிடும், டிவி சூடு வேற. குறைஞ்சது 15 லிட்டர் பிடிக்குற தொட்டிக்கு மாத்துங்க, வீட்டுலயே குளிர்ச்சியான மூலை எதுவோ அங்க வைங்க.

கேள்வி: மொட்டை மாடில சிமென்ட் தொட்டி, ப்ளாஸ்டிக் டப் எல்லாத்துலயும் கப்பி, மோலி வளர்க்குறேன். மத்தியானம் நல்லாத்தான் இருக்கு, காலைல வந்து பார்த்தா செத்து மிதக்குது. வெயில்னா மத்தியானம்தானே சாகணும்? தண்ணி நல்ல பச்சையா இருக்கு. (வாசகர், திருநெல்வேலி)

கேள்விலயே பதிலும் வச்சிருக்கீங்க அண்ணாச்சி, அந்த பச்சைதான் காரணமா இருக்கும். பச்சை தண்ணின்னா கண்ணுக்கு தெரியாத பாசி கோடிக்கணக்குல இருக்குன்னு அர்த்தம், பகல்ல வெயில்ல அது ஆக்சிஜன் விடும், அதனாலதான் மத்தியானம் சூடா இருந்தாலும் மீன் தெளிவா இருக்கு. இருட்டுனதும் அதே பாசி ஆக்சிஜனை இழுக்க ஆரம்பிக்கும், மீனும் இழுக்கும், அடியில அழுகுற குப்பையும் இழுக்கும். மாடி தளம் ராத்திரி வரைக்கும் சூட்டை விடுறதால தண்ணியும் சீக்கிரம் ஆறாது. விடியக்காலை 4, 5 மணிக்குதான் ஆக்சிஜன் ரொம்ப கீழ இருக்கும், சாவு அப்பதான் நடக்குது. ஒரு நாள் வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு பாருங்க, எல்லாம் மேல வரிசையா வாயை வச்சுட்டு நிக்கும்.

மூணுல ஒரு பங்கு தண்ணியை காலைல மாத்துங்க, அடியில இருக்குற சேறை ட்யூப் போட்டு உறிஞ்சி எடுங்க. பச்சை வலை கட்டுங்க, பாதி வெயிலை தடுக்குற வலை போதும், தென்னங்கீத்து போட்டாலும் சரிதான். ஆகாயத்தாமரை விட்டா பாசி குறையும், ஆனா தண்ணி பாதிக்கு மேல மூட விடாதீங்க, முழுசா மூடினா காத்து உள்ள போறதும் நின்னுடும். டப்பை நேரா தளத்து மேல வைக்காம செங்கல் மேல ஏத்தி வைங்க. சோலார் பம்ப் வாங்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க, பேட்டரி இல்லாத சோலார் பம்ப் பகல்ல மட்டும்தான் ஓடும், உங்களுக்கு பம்ப் வேண்டியதே ராத்திரிதான். மாடிப்படி ரூம்ல சாதா ஏர் பம்ப்பை வச்சு ட்யூபை இழுத்து ஒவ்வொரு டப்புக்கும் ஒரு ஏர் ஸ்டோன் (காத்தை குமிழியா விடுற கல்) போட்டுடுங்க. கோடை மழை திடீர்னு கொட்டும், டப் விளிம்புக்கு ரெண்டு இன்ச் கீழ ஓட்டை போட்டு வலை ஒட்டி வைங்க, இல்லைன்னா தண்ணியோட குஞ்செல்லாம் போயிடும்.

கேள்வி: 4 அடில செடி தொட்டி. சில்லர் (தண்ணியை குளிர வைக்குற மெஷின்) வாங்கியே ஆகணுமா? (வாசகர், கோவை)

உங்க ஊருக்கு வேணாம். லைட்டை சாயங்காலம் 5 மணில இருந்து 11 வரைக்கும் மாத்தி வச்சு ரெண்டு ஃபேன் போட்டாலே போதும், செடிக்காக சிஓ2 (கார்பன் டை ஆக்ஸைடு) விடுறதா இருந்தா இந்த ரெண்டு மாசம் குறைச்சுக்குங்க. கிரிஸ்டல் இறாலோ கடல் தொட்டியோ வச்சிருந்தா மட்டும் சில்லர் யோசிக்கலாம், அதுவும் காத்தோட்டமான இடத்துல வைக்கணும், தண்ணில எடுக்குற சூட்டை அது ரூம்லதான் விடும்.

கேள்வி: மே மாசம் சென்னை வர்றேன். கொளத்தூர்ல மீன் வாங்கி பஸ்ல சேலம் கொண்டு வரலாமா? (வாசகர், சேலம்)

ஜூன்ல மழை ரெண்டு பெஞ்சதும் வாங்குங்கன்னுதான் சொல்லுவேன். இப்பவே வாங்கியே தீரணும்னா சாயங்காலம் வாங்கி ராத்திரி பஸ் பிடிங்க. ஆக்சிஜன் அடிச்சு பேக் பண்ண சொல்லி, ஒரு பாக்கெட்ல நிறைய மீன் போட விடாம, தெர்மாகோல் பாக்ஸ்ல வச்சு கொண்டு வாங்க, பஸ் டிக்கில போடாம காலடில வச்சுக்குங்க. வீட்டுக்கு வந்ததும் பாக்கெட்டை தொறக்காம தொட்டில 20 நிமிஷம் மிதக்க விடுங்க. தொறந்துட்டா அப்புறம் தாமதிக்க கூடாது, அடைச்சு வந்த தண்ணில அமோனியா சேர்ந்திருக்கும், வெளிக்காத்து பட்டதும் அதோட விஷம் கூடும். மீனை மட்டும் வலைல எடுத்து தொட்டில விட்டுட்டு அந்த பாக்கெட் தண்ணியை வெளிய கொட்டிடுங்க. அன்னைக்கு தீனி வேணாம், மறுநாள் கொஞ்சமா போட்டு பாருங்க, சாப்பிடாம மிச்சம் வச்சா வலையால எடுத்துடுங்க.