ஏழாவது வாரத்தில் லேசான உதிரக் கசிவு: காத்திருக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் நின்றுகொண்டே செய்யும் வேலை. இது முதல் கர்ப்பம், ஏழாவது வாரம். மூன்று நாள்களாகப் பழுப்பு நிறத்தில் லேசாகக் கசிகிறது. வலி பெரிதாக இல்லை. பப்பாளி சாப்பிட்டதும் மாடிப்படி ஏறுவதும்தான் காரணம் என்று சொல்லும் மாமியார், படுக்கையை விட்டு எழவே கூடாது என்கிறார். கிளினிக்கில் முதல் பதிவு அடுத்த வாரம்தான். அதுவரை காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். இன்றோ நாளையோ மருத்துவரைப் பார்த்து ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று மாதங்களில் ஏறத்தாழ நான்கு கர்ப்பிணிகளில் ஒருவருக்குக் கசிவோ உதிரப்போக்கோ ஏற்படுகிறது. அவர்களில் பலருக்குக் கர்ப்பம் நல்லபடியாகவே தொடர்கிறது. கருப்பை வாயில் இரத்த ஓட்டம் கூடியிருப்பதால் தாம்பத்திய உறவுக்குப் பின் சிறிது கசியலாம். கருவைச் சூழ்ந்த பைக்கும் கருப்பைச் சுவருக்கும் இடையில் தேங்கிய இரத்தம் மெல்ல வெளியேறவும் கூடும். பழுப்பு நிறம் பழைய இரத்தத்தைக் குறிப்பதால் ஓரளவு ஆறுதல் தரும். ஆனால் கரு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், தங்கிவிடும் நிலையும் இதே பழுப்புக் கசிவோடும் மிகக் குறைந்த வலியோடும் தொடங்கலாம் என்பதால், நிறத்தை மட்டும் வைத்து எந்த மருத்துவரும் உங்களுக்கு உறுதி கூற முடியாது.

ஏழாவது வாரத்தில் பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில் கரு எங்கே இருக்கிறது என்பதும் அதன் இதயத் துடிப்பும் பெரும்பாலும் தெரிந்துவிடும். இந்த ஸ்கேனால் கருவுக்குத் தீங்கில்லை. மாதவிடாய் ஒழுங்கற்றவராக இருந்தால் நாள் கணக்கு பிசகியிருக்கலாம். துடிப்பு தெரியாத ஒரே காரணத்தால் மனம் உடைந்துவிட வேண்டாம். அப்போது கர்ப்ப ஹார்மோனான ஹெச்.சி.ஜி.யின் அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனையை 48 மணி நேர இடைவெளியில் இருமுறை செய்வதோ, ஒரு வாரத்துக்குப் பின் மறுபடி ஸ்கேன் எடுப்பதோ வழக்கம். இரத்த வகையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஆர்.எச். நெகட்டிவ் என்றால் ஊசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

மாமியாரின் கவலை அன்பில் பிறந்தது. ஆயினும் பழுத்த பப்பாளியோ படிக்கட்டோ இந்தக் கசிவுக்குக் காரணமல்ல. தொடக்கக் காலக் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதிக்குக் கருவின் குரோமோசோம் குறைபாடே காரணம். அதை எந்தத் தாயாலும் தடுக்க முடியாது. முழுநேரப் படுக்கை ஓய்வு கருவைக் காக்கும் என்பதற்குச் சான்றில்லை, நீண்ட நாள் அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். உடல் சோர்ந்திருந்தால் மருத்துவரிடம் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கேட்டு வாங்கிக்கொள்வதில் தவறில்லை.

நம் ஊரில் பலர் மாதவிடாய் வலிக்குப் பழக்கத்தில் போடும் போன்ஸ்தான் மாத்திரையை இப்போது தொடாதீர்கள். வலித்தால் அளவோடு பாரசிட்டமோல் போதும். உறவினர் யாரேனும் ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் அதுவும் வேண்டாம். கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் பயன் தருவதாக ஆய்வுகள் காட்டுவது, முன்பு கருச்சிதைவு ஏற்பட்டு இப்போதும் உதிரம் படுகிறவர்களுக்கு. முதல் கர்ப்பத்தில் அதற்கான ஆதாரம் வலுவாக இல்லை.

ஒரு மணி நேரத்துக்குள் பேட் முழுதும் நனைவது தொடர்ந்தாலோ, அடிவயிற்றின் ஒரு பக்கம் கடுமையாக வலித்தாலோ, தோள் முனையில் வலி, மயக்கம், காய்ச்சல் வந்தாலோ, நள்ளிரவானாலும் செபராங் ஜெயா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். மோட்டார் சைக்கிளில் போக வேண்டாம். துணைக்கு ஆளில்லையென்றால் 999-ஐ அழையுங்கள். சதைத் துண்டு போல ஏதேனும் வெளியேறினால் சுத்தமான டப்பாவில் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.