திரை வடிவமைப்பு: கேட்டவையும் என் பதில்களும்

கே: மருந்துக்கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதுகிறேன். பில்லை நீக்கும்போது ‘நிச்சயமாக நீக்கவா?’ என்று கேட்டும், தெரியாமல் நீக்கிவிட்டதாக அடிக்கடி போன் வருகிறது. பெட்டியைச் சிவப்பாக்கவா சார்?

ப: சிவப்புப் பெட்டியிலும் கடைக்காரர் என்டர் அடிப்பார். டெலீட், என்டர் இரண்டும் அவர் விரலுக்கு ஒரே அசைவாகிவிட்டது. நடுவில் வருவதை யார் படிக்கிறார்கள்? பெட்டியையே எடுத்துவிடுங்கள். பில் உடனே பட்டியலிலிருந்து மறையட்டும், கீழே ‘பில் 1042 நீக்கப்பட்டது’ என்று ஒரு பட்டை வரட்டும், பக்கத்திலேயே ‘மீட்டெடு’ பட்டன். தரவுத்தளத்தில் எதையும் அழிக்காமல் ‘ரத்து’ என்று குறித்தால் போதும். ஜிஎஸ்டிக்கும் அதுதான் நல்லது, பில் எண் வரிசையில் ஓட்டை விழாது. ஜிமெயில் அனுப்பிய மடலை அதிகபட்சம் 30 நொடி பிடித்துவைத்திருப்பதும் இதே யோசனைதான்.

கே: பட்டனுக்கு எந்த நிறம் நல்லது?

ப: எதுவானாலும் எழுத்து பளிச்சென்று தெரிய வேண்டும். இணையத்தை எல்லோரும் பயன்படுத்த வழிசொல்லும் டபிள்யூசிஏஜி நெறிமுறையின் ஏஏ (நடு) நிலைப்படி சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு.

கே: ஆங்கிலத்தில் சரியாக இருந்த பட்டன் தமிழில் வெட்டுப்படுகிறது. எழுத்தைச் சிறிதாக்கவா?

ப: வேண்டாம். அகலத்தைப் பிக்சலில் கட்டிப்போடாமல், எழுத்துக்கேற்ப விரிய விடுங்கள். உயரத்தையும் பாருங்கள்: ஆங்கிலத்துக்கு அளந்த வரியில் ‘மீ’யின் மேல்சுழியும் ‘ழு’வின் காலும் அறுபடும். இந்த இரண்டு எழுத்தையும் போட்டுச் சோதித்தாலே பாதிப் பிரச்சினை தெரிந்துவிடும்.

கே: அண்ணா, ‘மீட்டெடு’ யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. பணம் அனுப்பும் செயலியில் என்ன செய்வீர்கள்? போனது போனதுதானே?

ப: சரியான இடத்தில் பிடித்தீர்கள். திரும்பப் பெற முடியாததற்கு முன்னால் நிறுத்திக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ‘நிச்சயமா?’ என்று அல்ல. யுபிஐயில் ரகசிய எண்ணை (பின்) போடும் முன் பெறுபவர் பெயரும் தொகையும் வருகின்றன. ஒவ்வொரு முறையும் அவை மாறுவதால் கண் அங்கே நிற்கிறது. பட்டனிலும் ‘ஆம்’ என்று போடாமல் ‘ரூ.5,000 அனுப்பு’ என்று போடுங்கள். நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரு களஞ்சியத்தை (நிரல் தொகுப்பை) அழிக்க அதன் பெயரையே தட்டச்சு செய்யச் சொல்வார்கள்.

கே: அப்படியானால் பில்லுக்கும் முன்னால் கேள்வி, பின்னால் ‘மீட்டெடு’ என்று இரண்டையும் வைத்தால் பாதுகாப்பு கூடுமே, அண்ணா?

ப: குறையும். தேவையில்லாத இடத்திலெல்லாம் கேட்டுப் பழக்கினால், தேவையான இடத்திலும் படிக்காமல் தட்டிவிடுவார்கள்.

கே: நானும் பில்லிங்தான். நீக்கிய பில் அதற்குள் கிளைக் கடைக்கும் போய்விட்டால்?

ப: ‘ரத்து’க் குறியும் போகும், மீட்டெடுத்தால் அந்த மாற்றமும் பின்னாலேயே போகும். தரவுத்தளத்திலிருந்து பில்லையே அழித்திருந்தால்தான் சிக்கல்.

கே: பட்டன் பச்சையா, நீலமா?

ப: மேலே சொல்லியாயிற்று.

கே: மாத அறிக்கை வர 8 நொடி ஆகிறது. சுழலும் வட்டம் போதுமா?

ப: போதாது. 0.1 நொடிக்குள் வந்தால் உடனடி என்று தோன்றும், 1 நொடி வரை யோசனை அறுபடாது, 10 நொடியில் கவனம் போய்விடும். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டையும் ‘நிறுத்து’ பட்டனும் வையுங்கள்.

கே: நீக்கும் முன் இரண்டு முறை கேட்டால்?

ப: ஐயா, முதல் பதிலைப் படியுங்கள்.

கே: தொடுதிரையில் பட்டன் எவ்வளவு பெரிது?

ப: ஆண்ட்ராய்டில் 48 டிபி, ஐபோனில் 44 பாயின்ட் (இரண்டும் திரையின் பிக்சல் அடர்த்தியைச் சாராத அளவுகள்). குறைக்காதீர்கள். அப்புறம், ‘நீக்கு’வை ‘சேமி’க்கு ஒட்டி வைக்காதீர்கள்.