வெறும் பேச்சை வைத்தே ஒருவர் மனதைப் படிப்பதுபோல் காட்ட முடியுமா? எப்படி?

முடியும். நண்பர்கள் வீட்டு விசேஷங்களில் பொழுதுபோக்காகச் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: விஷயத்தைச் சொல்லப்போவது எதிரில் இருப்பவர்தான், நீங்கள் அல்ல.

எனக்கு அதிகம் கைகொடுப்பது எதிர்மறைக் கேள்வி. ஒரு பெரியவரின் உள்ளங்கையைப் பார்த்தபடி, "ஐயா, நீங்கள் ஆசிரியர் வேலை எதுவும் பார்க்கவில்லையே..." என்று இழுத்து நிறுத்துங்கள். "இல்லையே தம்பி" என்றால், "அதுதானே! ஆனாலும் யோசனை கேட்டு நாலு பேர் உங்களிடம் வருவார்கள்" என்று நகர்ந்துவிடலாம். "அட, ஆசிரியராகத்தான் ஓய்வு பெற்றேன்!" என்றால், "அதுதான் தெரிந்தது" என்று தலையாட்டினால் போதும். கேட்டீர்களா, சொன்னீர்களா என்பது பிடிபடக் கூடாது. கடைசியில் குரல் உயர்ந்தால் காரியம் கெட்டது. வீட்டுக்குப் போய் அவர், "பார்த்ததுமே சொல்லிவிட்டான்" என்பார்.

வைத்தீஸ்வரன்கோயில் நாடி ஜோதிடத்தில் ஏடு தேடும்போதும் "ஆமாம், இல்லை" என்றே பதில் வாங்குவார்கள். ஒவ்வொரு கேள்வியும் பாதியைக் கழித்தால், 20 கேள்விகளில் பத்து லட்சத்திலிருந்து ஒன்றுக்கு வந்துவிடலாம். பொருந்தாத பதில் வந்தால் பழி ஏட்டின் மேல். "இது உங்கள் ஏடு இல்லை" என்று அடுத்ததை எடுப்பார்கள். வித்தைக்காரன் கண்ணோடு பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

கேள்வியே கேட்காமலும் ஓரளவு ஓட்டலாம். 1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு, "உங்கள் குணச்சித்திரம்" என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எல்லாத் தாளிலும் ஒரே வாசகம், அதுவும் கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. சில நேரம் கலகலப்பானவர், சில நேரம் ஒதுங்கி இருப்பவர் என்ற ரகம். எவ்வளவு பொருத்தம் என்று கேட்டதற்கு மாணவர்கள் தந்த சராசரி, 5க்கு 4.26.

ரே ஹைமன் கதை இன்னும் சுவையானது. இளவயதில் கைரேகை பார்த்துச் சம்பாதித்தவர். பலன் பலிப்பதைக் கண்டு தானே அதை நம்பியவர். ரேகை சொல்வதற்கு நேரெதிராகச் சொல்லிப் பார் என்றார் ஸ்டான்லி ஜாக்ஸ் என்ற மேடைக் கலைஞர். சொன்னார். வந்தவர்கள் அதே அளவு வியந்தார்கள். ஹைமன் பிறகு உளவியல் பேராசிரியராகி, இப்படிப்பட்ட சக்தி இருப்பதாகச் சொல்பவர்களைச் சோதிப்பவராக ஆனார்.

தொடங்குகிறீர்கள் என்றால் நோய், சாவு, காணாமல் போனவர் பக்கம் போகாதீர்கள். நிகழ்ச்சி முடிந்ததும் யாராவது தனியே அழைத்து, "என் மகள் கல்யாணம் எப்போது கூடும்?" என்று கேட்பார்கள். இது வித்தைதான் என்று சொல்லிவிடுங்கள். சிலர் அப்போதும் நம்ப மாட்டார்கள். "தெரிந்துகொண்டே மறைக்கிறீர்கள்" என்பார்கள்.