ஊதாக் கோடு ஏன் ஒட்டவில்லை?

(டாட்டூ பற்றி வாசகர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு, சொந்தமாக ஸ்டூடியோ நடத்தும் பெண் டாட்டூ கலைஞர் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ட்ரான்ஸ்ஃபர் பேப்பர், அதாவது ஊசி குத்துவதற்கு முன் டிசைனைத் தோலுக்கு மாற்றும் ஸ்டென்சில் பேப்பர் பற்றியவை.)

அக்கா, நான் டாட்டூ கற்றுக்கொண்டிருக்கும் மாணவி. ஸ்டென்சில் பேப்பரை ஒட்டி எடுத்தால் டிசைன் பாதிதான் தோலில் விழுகிறது. விழுந்ததும் முதல் தடவை துடைக்கும்போதே அழிந்துவிடுகிறது. எந்தக் கம்பெனி பேப்பர் நல்லது?

கம்பெனியை விடும்மா. பேப்பர் மேல் பழி போடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பிரச்சினை தோலிலும் அவசரத்திலும்தான் இருக்கிறது.

முதலில் பேப்பரைப் பார்த்துவிடுவோம். கையால் வரைகிற பேப்பரில் மேலே வெள்ளைத் தாள், அதன் கீழே மெல்லிய டிஷ்யூ, அதற்கும் கீழே ஊதா மை பூசிய தாள் இருக்கும். நடுவில் உள்ள டிஷ்யூ மையைப் பாதுகாக்க வைத்தது. வரைவதற்கு முன் அதை உருவி எடுத்துவிட வேண்டும். அப்புறம் கெட்டியான பலகை மேல் வைத்து, பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி வரையுங்கள். முடிந்ததும் வெள்ளைத் தாளைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் கோடு கருகருவென்று, விட்டுப்போகாமல் இருக்க வேண்டும். அங்கேயே மங்கலாக இருக்கிற கோடு தோலில் மட்டும் எப்படித் தெளிவாக விழும்?

பேப்பர் சரியாக இருக்கிறதென்றால் அடுத்தது தோல். கண்ணுக்கே தெரியாத பூனைமுடி இருந்தாலும் கோடு முடிமேல்தான் ஒட்டும், தோலில் ஒட்டாது. புது ரேஸரால் மழித்து, அந்த ரேஸரைத் தூக்கிப் போடுங்கள். சோப்புத் தண்ணீரால் துடைத்து, அதற்குமேல் ஆல்கஹாலால் ஒரு முறை துடையுங்கள். எண்ணெய்ப் பசையும் லோஷனும் போனால்தான் மை பிடிக்கும். தோல் முழுக்கக் காயட்டும்.

இப்போது ஸ்டென்சில் ஜெல், பேப்பரில் உள்ள கோட்டைத் தோலில் பிடிக்க வைப்பது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஜெல்லைத் தாராளமாக அப்புகிறார்கள். அதிகமானால் கோடு கசிந்து தடிக்கும், குறைந்தால் திட்டுத்திட்டாக விழும். துளி ஜெல்லை எடுத்து, கையுறை போட்ட விரலால் தேய்த்துக்கொண்டே இருங்கள். ஈரம் போய், தொட்டால் விரல் லேசாக ஒட்டுகிற பதம் வரும். அதுதான் நேரம். பேப்பரை ஒரு தடவை வைத்தால் வைத்ததுதான், நகர்த்தக் கூடாது. தேய்க்காமல் உள்ளங்கையால் அழுத்துங்கள். சில நொடி பொறுத்து, ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள்.

உரித்ததும் ஊசியை எடுத்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். குறைந்தது பத்து, பதினைந்து நிமிடமாவது காய விடுங்கள், அதற்கு மேலும் விட்டால் இன்னும் நல்லது. அந்த நேரத்தில் மை ஊற்றி வையுங்கள், மிஷினைச் சரிபாருங்கள், வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருங்கள். காய்வதற்கு முன் பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் அந்தக் கொழுப்பே கோட்டைக் கரைத்துவிடும்.

வேலை செய்கிற திசையும் முக்கியம். வலக்கைக்காரர் என்றால் டிசைனின் கீழே வலது மூலையில் தொடங்கி மேலே, இடது பக்கமாகப் போங்கள். அப்போது உங்கள் கையும் துடைக்கிற டிஷ்யூவும் ஏற்கெனவே குத்தி முடித்த இடத்தில்தான் படும். துடைப்பதையும் இழுத்துத் துடைக்காமல் ஒற்றி எடுங்கள்.

ஜெல் இல்லாத காலத்தில் டியோடரன்ட் ஸ்டிக்கைத் தேய்த்து ஒட்டினார்கள். இன்றும் சில பேர் அப்படியே செய்கிறார்கள். ஒரே ஸ்டிக்கை ஒவ்வொருவர் தோலிலும் தேய்ப்பதைப் பார்த்தால் எனக்கு உடம்பு கூசும்.

வீட்டுப் பிரிண்டரில் டெம்பரரி டாட்டூ பேப்பர் போட்டுப் பெயரை அச்சிட்டு ஒட்டினேன். இடம் வலம் மாறி, கண்ணாடியில் பார்ப்பதுபோல வந்துவிட்டது. ஸ்டூடியோவில் டிசைனைத் திருப்பாமலேதானே வரைகிறார்கள், அங்கே மட்டும் எப்படி நேராக விழுகிறது?

மை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் பேப்பரில் மை முன்பக்கம் விழுந்தது, அதையே கவிழ்த்துத் தோலில் வைத்தீர்கள். அதனால் மாறிவிட்டது. ஸ்டூடியோ பேப்பரில் நாங்கள் முன்பக்கம் வரைந்தாலும் மை ஏறுவது தாளின் பின்பக்கத்தில். அது அங்கேயே திரும்பிய வடிவில் இருக்கும், தோலில் வைத்தால் நேராகிவிடும். தோலைத் தொடப்போகும் பக்கத்தைப் பாருங்கள். அதில் எழுத்து திரும்பித் தெரிந்தால் எல்லாம் சரி, நேராகப் படிக்க முடிந்தால் தப்பு. பிரிண்டரில் 'மிரர்' என்ற வசதி இருக்கும், அதைப் போட்டுவிட்டு அச்சிடுங்கள்.

தமிழில் பெயர் எழுதுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒட்டி எடுக்கும்போது முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. 'கண்ணன்' என்று வரைந்தது தோலில் 'கணணன' என்று நிற்கும், ஊசி பிடித்தவர் தமிழ் தெரியாதவராக இருந்தால் அப்படியே குத்தியும் விடுவார். சில டிசைன் மென்பொருள்களில் தமிழ் எழுத்து உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போய்விடும். அச்சிடுவதற்கு முன்பே பாருங்கள். சுழிகளை ரொம்பச் சிறிதாக வைக்காதீர்கள். தோலுக்குள் மை வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவும். 'கி' மேல் இருக்கிற வளைவு அடைத்துக்கொண்டால் பெயரைப் படிக்க முடியாது. நான் ஸ்டென்சில் ஒட்டியதும் வாடிக்கையாளரையே எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். படித்து முடிக்காமல் மிஷின் ஓடாது. இதற்குச் சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு, சலித்துக்கொள்ளட்டும்.

முன்கையில் நேராக ஒட்டியது, கையைத் தொங்கவிட்டால் கோணலாகத் தெரிகிறதே?

கையை மேஜைமேல் நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்கும்படி வைத்து ஒட்டியிருப்பீர்கள். மணிக்கட்டைத் திருப்பினால் முன்கைத் தோலும் பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொள்ளும். ஆளை நிற்க வைத்து, கையைத் தளர்வாகத் தொங்கவிடச் சொல்லி, அந்த நிலையில் ஒட்டுங்கள். தோள், முழங்கை போன்ற உருண்டையான இடங்களில் பேப்பரின் ஓரத்தில் டிசைனைத் தொடாமல் சின்ன வெட்டுகள் போட்டால் சுருக்கம் விழாமல் படியும். பிடிக்கவில்லையா, ஆல்கஹாலால் அழித்து, தோலைக் காயவிட்டு, புதுப் பேப்பரில் மறுபடி ஒட்டுங்கள். வாடிக்கையாளர் 'பரவாயில்லை, இருக்கட்டும்' என்று சொன்னாலும் நீங்கள் விட்டுவிடாதீர்கள். கூச்சத்தில்தான் அப்படிச் சொல்வார்கள்.

ஒரு தடவை ஒட்டிய ஸ்டென்சிலை இன்னொருவருக்குப் பயன்படுத்தலாமா?

கூடாது. ஒருவர் தோலில் பட்ட தாள் குப்பைக்கு.

அந்த மை ஏன் எப்போதும் ஊதாவாகவே இருக்கிறது? டாட்டூவோடு அதுவும் தோலில் தங்கிவிடுமா?

தங்காது. அது தோலின் மேற்பரப்பில் நிற்கிற சாயம். குளிக்கக் குளிக்க, மேல்தோல் உதிர உதிர, சில நாளில் போய்விடும். டாட்டூ மை அதற்குக் கீழே உள்ள அடுத்த அடுக்கில் போய் உட்காருகிறது, அதனால்தான் அது நிலைக்கிறது.

ஊதாவுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இந்தப் பேப்பர் டாட்டூவுக்காகப் பிறந்ததே இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹெக்டோகிராஃப் என்று ஒரு நகலெடுக்கும் முறை வந்தது. அதன் வழியில் 1923-இல் ஜெர்மனியில் ஸ்பிரிட் டூப்ளிகேட்டர் என்ற நகலெடுக்கும் மிஷின் வந்தது. பல நாடுகளில் பள்ளிக்கூடத் தேர்வுத் தாள்கள் ஊதா எழுத்தில் வந்தது அந்த மிஷினால்தான். ஊதாச் சாயத்தில் துளியே இருந்தாலும் அழுத்தமாகத் தெரியும், ஒரே மூலத்திலிருந்து நிறையப் பிரதி எடுக்கலாம். ஜெராக்ஸ் வந்து பள்ளிகள் அதைக் கைவிட்டன, நாங்கள் இன்னும் விடவில்லை.

இந்த ஊதாப் பேப்பர் டாட்டூவுக்கு வருவதற்கு முன்பு என்ன செய்தார்கள் என்றும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி 1891-இல் மின்சார டாட்டூ மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். வேலை வேகமானது, டிசைனையும் வேகமாக மாற்ற வழி தேவைப்பட்டது. செல்லுலாய்டு தகட்டில் கோட்டைக் கீறி, கீறலில் கரித்தூளை நிரப்பி, வாஸலின் தடவிய தோலில் அழுத்தி எடுத்தார்கள். ஒரே தகடு எத்தனையோ பேர் தோலில் பட்டது. அழகாகத்தான் இருக்கும், பழைய தகடுகளைச் சேகரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற பேப்பரே போதும்.

இந்தப் பேப்பரை வாங்கி நானே வீட்டில் டாட்டூ போட்டுக்கொள்ளலாமா?

பேப்பர் வாங்குங்கள், வரைந்து பழகுங்கள், உடம்பில் ஒட்டி இடம் பாருங்கள். டாட்டூ போட நினைக்கிற இடத்தில் ஊதா ஸ்டென்சிலோடு ஒன்றிரண்டு நாள் நடமாடிப் பார்ப்பது நல்ல யோசனைகூட. ஊசி மட்டும் வேண்டாம்.

ஸ்டென்சில் வைத்துக் 'கருப்பு மருதாணி' பூசினார்கள். ஒரு மணி நேரத்தில் கருகருவென்று பிடித்தது. சில நாள் கழித்துப் பூசிய வடிவத்திலேயே கொப்புளம் வந்திருக்கிறது. ஸ்டென்சில்தான் காரணமா?

ஸ்டென்சில் இல்லை, பூசிய பொருளைத்தான் சந்தேகிக்க வேண்டும். மருதாணி இலை செம்பழுப்பாகத்தான் பிடிக்கும். சீக்கிரமாக, கருப்பாகப் பிடிக்கிறது என்றால் தலைமுடிச் சாயத்தில் இருக்கிற பி.பி.டி. என்ற ரசாயனம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். கொப்புளத்தை உடைக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். இனிமேல் தலைக்கு டை அடிப்பதற்கு முன்பும் இந்த விஷயத்தை அவரிடம் சொல்லிக் கேளுங்கள். பி.பி.டி. ஒரு தடவை ஒவ்வாமையைக் கிளப்பிவிட்டால், பிற்பாடு முடிச்சாயம் பட்டாலும் முகம் வீங்குகிற அளவுக்குப் போகலாம்.