டேக் ஆஃபில் மூக்கை ஒரேயடியாகத் தூக்கினால் என்ன? பைலட்டுகள் ஏன் கண்ட்ரோலை அவ்வளவு நிதானமாக இழுக்கிறார்கள்?

கேள்வியைப் பார்த்ததுமே தெரிகிறது, வீட்டுக் கம்ப்யூட்டர் கேமில் போயிங் 737 விமானம் ஓட்டி வாலை இடித்திருக்கிறீர்கள். வெட்கப்படாதீர்கள், நானும் இடித்தவன்தான். நல்லவேளை, பயிற்சி சிமுலேட்டரில்.

செஸ்னா 172 என்ற குட்டி விமானத்தில் 200 மணி நேரம் ஓட்டி லைசென்ஸ் வாங்கியவன் நான். அதில் 55 நாட் (மணிக்குச் சுமார் 100 கி.மீ.) வந்ததும் லேசாக இழுத்தால் போதும், கிளம்பிவிடும். அந்தத் தெனாவட்டோடு 737-800 பயிற்சிக்குப் போனேன். பக்கத்து சீட்டிலிருந்து "ரொட்டேட்" (மூக்கைத் தூக்கு) என்று குரல் வந்தது. இழுத்தேன். பின்னால் எதுவோ உரசியது. இன்ஸ்ட்ரக்டர் ஏர்ஃபோர்ஸில் ரிட்டயர் ஆன நாகர்கோவில்காரர். சிமுலேட்டரை நிறுத்திவிட்டு நிதானமாகக் கேட்டார்: "ஏடே, கெணத்துல தண்ணி கோருதியா?"

விஷயம் இதுதான். தரையில் இருக்கும்வரை விமானம் பின்சக்கரங்களை அச்சாக வைத்துத்தான் திரும்பும். மூக்கு ஏறினால் வால் இறங்கும். 737-800 சக்கரம் தரையில் இருக்கும்போதே மூக்கு சுமார் 11 டிகிரி ஏறினால் வால் தட்டிவிடும். சரியாக இழுத்தால் 8 டிகிரி வாக்கில் சக்கரம் தரையை விடும். அப்போதுகூட, ஃபிளாப் எனும் இறக்கைத் தகடுகளை 5-ஆம் நிலையில் வைத்திருந்தால், வாலுக்கும் ரன்வேக்கும் இடையே சுமார் 50 செ.மீ.தான். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட! அதனால்தான் செகண்டுக்கு 2 முதல் 2.5 டிகிரி. விமானம் எழும்பத் தேவையான தூக்குவிசை சேர மூன்று நான்கு செகண்ட் ஆகும். நான் அதற்குள் 11-ஐத் தொட்டுவிட்டேன்.

(ஏர்பஸ் ஆட்கள் சண்டைக்கு வர வேண்டாம். உங்கள் கணக்கு 3 டிகிரி என்று தெரியும். நான் ஓட்டுவதைச் சொல்கிறேன்.)

மறுமுறை பயந்துபோய், முட்டையைத் தூக்குவதுபோல இழுத்தேன். அதற்கும் திட்டு. 140 நாட்டில் ஒரு செகண்டுக்கு 70 மீட்டருக்கு மேல் ரன்வே தின்றுபோகும். எதிரே ரன்வே கடைசி விளக்குகள் சிவப்பாக வரும்போதுதான் அந்தக் கணக்கு வயிற்றில் உறைத்தது.

வால் உரசினால் பெயின்ட்தானே போகும் என்று நினைத்துவிடாதீர்கள். 1978-ல் ஒசாகாவில் வால் இடித்த ஜப்பான் ஏர்லைன்ஸ் 747-ஐத் தவறாகப் பழுதுபார்த்தார்கள். 1985-ல் அதே இடம் பிளந்து 520 பேர் போனார்கள். அது இறங்கும்போது இடித்தது. தெரியும், கமெண்டில் திருத்த வேண்டாம்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு சூடாக எழுதுகிறேன் என்றால், போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பெரியப்பா முறை ஒருவர், "எல்லாம் பட்டன்தானாமேப்பா, உனக்கு எதுக்கு அவ்வளவு சம்பளம்?" என்றார். 2019 டிசம்பரில் துலூஸில் ஏர்பஸ் ஒரு ஏ350-ஐத் தானாகக் கிளப்பிச் சோதித்தது உண்மைதான். ஆனால் நீங்கள் டிக்கெட் எடுத்து ஏறும் 737-ல் இழுப்பது இன்றைக்கும் கைதான். கிளம்பும்போது 400 அடிக்குக் கீழே ஆட்டோபைலட் கிடையாது. அந்தக் கையைப் பழக்க அப்பா அடகு வைத்த நிலம் இன்னும் மீளவில்லை. இதைப் பந்தியில் சொல்ல முடியுமா? பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

உங்கள் கேமில் பதினைந்து டிகிரிக்கு ஆறு செகண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். வால் தப்பிக்கும்.